துண்டை எடுக்க வேண்டியவர் யார்?



'தாழ்மையும் ஊழியமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். லெந்து நாட்களில் எந்தக் கோயில் வளாகத்திலும் கேட்கக்கூடிய தலைப்பு இது. பெருமை பொல்லாதது, பணிவு நல்லது, எல்லோரும் பணிவாயிருங்கள் என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு இறங்கலாம். யாருக்கும் கோபம் வராது. யாருக்கும் கோபம் வராததே அந்தப் பேச்சின் குறை என்று நினைக்கிறேன்.

நம் சபைகளில் தாழ்மையை யாருக்குப் போதிக்கிறோம்? சற்று நினைத்துப் பாருங்கள். மாமியார் வீட்டில் குறை சொல்லும் மருமகளுக்குப் போதிக்கிறோம். சம்பளம் கூட்டிக் கேட்கும் கோயில் பணியாளருக்குப் போதிக்கிறோம். சேகரக் கணக்கைக் காட்டுங்கள் என்று எழுந்து நிற்கும் இளைஞனைத் தனியே கூப்பிட்டுப் போதிக்கிறோம். பதவியில் இருப்பவர்களுக்கு என்ன செய்கிறோம்? சால்வை போர்த்துகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய ஏற்பாடு காட்டும் தாழ்மை, மேலே இருப்பவர் இறங்கி வருவது. ஏற்கெனவே கீழே நிறுத்தப்பட்டவரை அங்கேயே நிறுத்திவைக்க அந்தத் தாழ்மையை எடுத்தாள்வது சுவிசேஷத்தைத் தலைகீழாகப் பிடித்து வாசிப்பது.

யோவான் 13ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். மற்ற மூன்று சுவிசேஷங்களும் கடைசி இரவைச் சொல்லும்போது அப்பத்தையும் பாத்திரத்தையும் நடுவில் வைக்கின்றன. யோவான் அதைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஒரு தொட்டித் தண்ணீரையும் ஒரு துண்டையும் வைக்கிறார். புழுதித் தெருவில் நடந்து வந்தவர்களின் கால்களைக் கழுவுவது அன்றைய யூத வீட்டில் எவ்வளவு இழிவான வேலை என்பதற்கு ரபிகளின் எழுத்துகளே சாட்சி. எபிரேய அடிமையை அந்த வேலைக்கு விடக்கூடாது என்று அவர்கள் எழுதிவைத்தார்கள். அடிமை தன் எஜமானுக்குச் செய்யும் எல்லாவற்றையும் மாணவன் தன் குருவுக்குச் செய்யலாம், செருப்பின் வாரை அவிழ்ப்பதைத் தவிர என்றும் ஒரு விதி இருந்தது. மாணவனுக்கே விலக்கப்பட்ட வேலையை அந்த இரவில் குரு செய்கிறார்.

அதே இரவில், லூக்கா சொல்வதன்படி, சீடர்களுக்குள் யார் பெரியவன் என்று வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. நாளை காலை தங்கள் போதகர் சிலுவைக்குப் போகப்போகிறார். பந்தியில் நாற்காலிச் சண்டை. இதை வாசிக்கும்போது நம் திருமண்டலத் தேர்தல் ஞாபகம் வந்தால் அது என் குற்றமல்ல. ஆகவே கால் கழுவிய பாடம் யாருக்குச் சொல்லப்பட்டது என்பதில் குழப்பமே இல்லை. கலிலேயாவின் கூலி விவசாயிக்கோ, பெரும்பாடுள்ள பெண்ணுக்கோ அது சொல்லப்படவில்லை. நாளைக்குத் தலைவர்களாகப்போகிற பன்னிரண்டு பேருக்குச் சொல்லப்பட்டது.

இதே விஷயத்தை மாற்கு இன்னும் நுட்பமாகக் காட்டுகிறார். பத்தாம் அதிகாரத்தில் யாக்கோபும் யோவானும் வந்து தங்களுக்கு ஒரு வரம் வேண்டும் என்கிறார்கள். உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்கிறார். வலப்பக்கம் ஒரு நாற்காலி, இடப்பக்கம் ஒரு நாற்காலி என்கிறார்கள். அவர்களுக்குத்தான், உங்களில் முதன்மையாயிருக்க விரும்புகிறவன் எல்லோருக்கும் வேலைக்காரனாயிருக்க வேண்டும் என்ற பாடம் கிடைக்கிறது. சில வசனங்கள் தாண்டியதும் எரிகோ வருகிறது. வழியோரத்தில் குருடனான பர்திமேயு பிச்சைக்கு உட்கார்ந்திருக்கிறான். இயேசு போகிறார் என்று கேள்விப்பட்டதும் தொண்டை கிழியக் கத்துகிறான். கூட்டம் என்ன செய்தது? பேசாமலிரு என்று அதட்டியது. நீ இருக்கும் இடம் தெரியாமல் இரு என்ற தாழ்மைப் பிரசங்கத்தை அங்கே செய்தது கூட்டந்தான். அவன் இன்னும் உரக்கக் கத்தினான். இயேசு நின்றார், அவனைக் கூப்பிடச் சொன்னார், யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்ட அதே கேள்வியை அவனிடமும் கேட்டார்: உனக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி ஒன்று, ஆள் இருவகை. நாற்காலி கேட்டவர்களுக்குக் கண்டிப்பு. பார்வை கேட்டவனுக்குப் பார்வை. சத்தம் போட்டாய், மரியாதை தெரியவில்லை, அடங்கிக் கேள் என்று ஒரு வார்த்தையும் இல்லை. இந்த இரண்டு காட்சிகளையும் மாற்கு அடுத்தடுத்து வைத்தது தற்செயல் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

கால் கழுவியதில் இன்னொரு சங்கதியும் உண்டு. நாம் அவசரத்தில் அதைத் தாண்டிப் போகிறோம். பஸ்காவுக்கு ஆறு நாளைக்கு முன் பெத்தானியாவில் மரியாள் இயேசுவின் பாதங்களில் நளத தைலம் பூசித் தன் கூந்தலால் துடைத்தாள் என்று யோவான் 12 சொல்கிறது. அதாவது, சீடர்களின் பாதங்களைக் கழுவுமுன் இயேசு தம் பாதங்களை ஒரு பெண்ணின் கையில் கொடுத்திருந்தார். வாங்கிக்கொள்ளத் தெரிந்தவர் கொடுத்தார். பேதுருவுக்கு அது வரவில்லை. நீர் என் கால்களைக் கழுவவே கூடாது என்று மறுத்தார். பணிவு போல் தெரியும் அந்த மறுப்புக்குள் மேல்கீழ் கெடக்கூடாது என்ற கவலை இருந்தது. குரு குருவாகவே மேலே இருந்தால்தானே நாளை நானும் மேலே இருக்கலாம்? கொடுப்பதில் பெயர் வாங்கிய எத்தனையோ பெரியவர்களுக்கு, ஓர் ஏழை வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வராது.  

பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரம் உங்களுக்குத் தெரிந்ததே. தேவரூபமாயிருந்தவர் அடிமையின் ரூபமெடுத்தார், சிலுவை மட்டும் இறங்கினார் என்கிற பகுதி. பிலிப்பி ரோமக் குடியேற்ற நகரம்; படையிலிருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு நிலம் கொடுத்து உருவாக்கிய ஊர். வகித்த பதவிகளை வரிசையாகக் கல்லில் வெட்டிவைப்பதில் ரோமருக்கு இருந்த ஆசை அங்கேயும் குறையவில்லை. அந்த ஊர்ச் சபைக்கு, அடிமைகளைக் கொல்லும் மரத்தில் செத்தவரே ஆண்டவர் என்று எழுதியது சின்னக் காரியமல்ல. அரிஸ்டாட்டில் போட்ட நற்குணப் பட்டியலில் பெருந்தகைமை உண்டு, தாழ்மை இல்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதே பவுல் அதே பிலிப்பியில் நடந்துகொண்ட விதத்தை அப்போஸ்தலர் நடபடிகள் 16 சொல்கிறது. தாழ்மைப் பிரசங்கங்களில் இந்த அத்தியாயத்தின் பிற்பகுதியை யாரும் எடுப்பதில்லை என்பது என் வருத்தம். குறிசொல்லி எஜமான்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்த ஓர் அடிமைப் பெண்ணை பவுல் அந்த ஆவியிலிருந்து விடுவிக்கிறார். வருமானம் போன எஜமான்கள் புகார் கொடுக்கிறார்கள். விசாரணை இல்லாமல் பவுலையும் சீலாவையும் சட்டையைக் கிழித்து, கோலால் அடித்து, தொழுமரத்தில் கால்மாட்டி உட்சிறையில் போடுகிறார்கள். நள்ளிரவில் பூமி அதிர்கிறது, கதவுகள் திறக்கின்றன. சிறைக்காவலன் அந்த இரவிலேயே அவர்களைக் கூட்டிப்போய்க் காயங்களைக் கழுவுகிறான். அதிகாரம் கையில் இருந்தவன் கைதியின் காயத்தைக் கழுவுகிறான். கால் கழுவுதலை நினைவுகூரும் பெரிய வியாழனுக்கு இந்த வாசகத்தையும் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

காலையில் நகர அதிகாரிகள் ஆள் அனுப்பி, போகச் சொல்லுங்கள் என்கிறார்கள். இந்த இடத்தில் 'தாழ்மையுள்ள ஊழியர்' என்ன செய்வார்? ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். பவுல் கிளம்பவில்லை. ரோமக் குடிமக்களான எங்களை விசாரிக்காமல் வெளியரங்கமாக அடித்தார்கள், இப்போது ரகசியமாய் அனுப்பிவிடப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார். அதிகாரிகள் பயந்தார்கள், வந்தார்கள், கெஞ்சினார்கள். பிலிப்பியருக்குத் தாழ்மையை எழுதிய கை இந்த மனிதருடையது. தன்னை வெறுமையாக்குவது ஒன்று, அநியாயத்துக்குத் தலையாட்டுவது வேறொன்று என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இனி சபையின் வரலாற்றுக்கு வருவோம். ஆதிச்சபையில் கால் கழுவுவது சடங்காக அல்ல, வேலையாக இருந்தது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில், சபையின் விதவைகள் பட்டியலில் சேர்வதற்கான தகுதிகளில் ஒன்றாக, பரிசுத்தவான்களின் கால்களைக் கழுவியிருப்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. பெயர் தெரியாத அந்தப் பெண்கள் வழிப்போக்கர்களின் கால்களைக் கழுவினார்கள். யாரும் படம் வரையவில்லை.

590இல் ரோமின் ஆயரான பெரிய கிரகோரியார், அதற்கு முன் அந்த நகரின் ஆளுநராக இருந்து, பதவியை விட்டு, தம் வீட்டையே துறவு மடமாக்கியவர். கான்ஸ்டாண்டிநோபிளின் தலைமை ஆயர் 'உலகப் பொது மறைமுதல்வர்' என்ற பட்டத்தைச் சூடியபோது கிரகோரியார் அதைக் கண்டித்தார். தம்மைக் கடவுளுடைய ஊழியர்களின் ஊழியர் என்று எழுதிக்கொண்டார். அவர் அந்தப் பெயருக்கு ஏற்றபடி வாழ்ந்தார். பட்டம் அவருக்குப் பின்னும் வாழ்ந்தது, அதுதான் சிக்கல். 1570இல் போப் ஐந்தாம் பயஸ், இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தைச் சபைநீக்கம் செய்து, அவள் குடிமக்கள் அவளுக்குக் கீழ்ப்படியத் தேவையில்லை என்று ஆணை பிறப்பித்தார். அந்த ஆணையும் ஊழியர்களின் ஊழியர் என்ற அதே பட்டத்தோடுதான் தொடங்குகிறது.

அந்த அரசி மட்டும் சளைத்தவளா? மூன்று ஆண்டு கழித்து, 1573 பெரிய வியாழனன்று, கிரீனிச் அரண்மனையில் தன் வயதுக்கு ஒருவராக 39 ஏழைப் பெண்களின் கால்களை அவள் கழுவினாள். அன்று நடந்ததை வில்லியம் லாம்பார்ட் என்பவர் எழுதிவைத்திருக்கிறார். முதலில் அரண்மனைச் சலவைப் பணியாளர் வெள்ளிப் பாத்திரத்தில் வெந்நீரும் பூவுமாக அந்தக் கால்களைக் கழுவித் துடைத்தார். பிறகு அறப்பணித் துணை அலுவலர் ஒரு முறை கழுவினார். பிறகு அறப்பணித் தலைமை அலுவலர். அதற்குப் பிறகே அரசி வந்தாள். மூன்று முறை கழுவிய காலை நான்காம் முறை கழுவுவதற்குப் பெரிய தாழ்மை தேவையில்லை. நான் சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. சடங்கு ஒன்று பழகிப்போனால், செய்பவர் கையில் அழுக்குப் படாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு தானாகவே உருவாகிவிடும். இங்கிலாந்தில் பின்னாளில் கழுவுவது நின்றுபோய், நாணயம் கொடுப்பது மட்டும் இன்றைக்கும் நடக்கிறது.

சடங்கை மறுபடி வேலைக்கு அருகில் கொண்டுவந்தவரையும் சொல்ல வேண்டும். 2013இல் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே போப் பிரான்சிஸ் பெரிய வியாழன் வழிபாட்டை ரோமில் உள்ள இளங்குற்றவாளிகள் சிறையில் நடத்தினார். கழுவப்பட்ட பன்னிரண்டு பேரில் பெண்பிள்ளைகள் இருந்தார்கள், இஸ்லாமியர் இருந்தார்கள். ஆண்களின் கால்களை மட்டுமே கழுவ வேண்டும் என்ற விதி அப்போதும் இருந்தது; 2016இல்தான் அது மாற்றப்பட்டது. 2019 ஏப்ரலில், ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்ட தென் சூடான் தலைவர்களின் முன் மண்டியிட்டு அவர்கள் காலணிகளை முத்தமிட்டார், சமாதானமாக இருங்கள் என்று கேட்டு. 2025 பெரிய வியாழனன்றும், உடல் ஒத்துழைக்காத நிலையில், ரோமின் ரெஜினா சேலி சிறைக்குப் போனார். இந்த முறை கழுவ முடியவில்லை என்று கைதிகளிடம் சொல்லிவிட்டு அவர்களோடு இருந்தார். நான்கு நாள் கழித்து இறந்துபோனார். நான் அவருடைய சபையைச் சேர்ந்தவனல்ல. ஆனாலும் கவனியுங்கள், அவர் போய் நின்ற இடங்கள் கழுவித் தயாராக வைக்கப்பட்ட இடங்கள் அல்ல.

இப்போது கசப்பான பகுதி. 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு சுருக்கிய வேதாகமம் அச்சானது. எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையான கதையை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற எபேசியர் பகுதியை வைத்துக்கொண்டார்கள். தாழ்மையை யாருக்குப் போதிப்பது என்று கத்தரிக்கோலோடு உட்கார்ந்து முடிவு செய்தவர்கள் அவர்கள்.

நாம் கத்தரிக்கோல் எடுக்கவில்லை. கோயிலில் சாதிக்கொன்றாகப் பாயைப் பிரித்துப் போட்டோம். 1833இல் கல்கத்தாவின் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை இருக்கக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தனி இருக்கை, நற்கருணையில் தனி வரிசை எல்லாம் போக வேண்டும் என்றார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. இன்றைக்கும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியார், சாதி வழக்கங்களை விடக்கூடாது என்று வாதாடிய பக்கத்தில் நின்றார். அவர் பாட்டை நான் பாடுகிறேன், பாடுவதை நிறுத்தப்போவதில்லை. ஆனால் சிலுவையைப் பற்றி அவ்வளவு அறிந்தவருக்கும் பக்கத்துப் பாய் கசந்தது என்பதை மறைத்துப் பாட முடியாது. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் இன்றும் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. செத்தவர்களுக்கும் இடம் பிரித்துக் கொடுக்கிற சபை, உயிரோடிருப்பவர்களுக்குத் தாழ்மையைப் பற்றிப் பேசுமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்த மண்ணிலிருந்து புறப்பட்ட ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. தகப்பனார் கிராமத்துக் குருவானவர். அசரியா மெஞ்ஞானபுரத்தில் படித்து, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போய், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராகச் சுற்றியவர். 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முன்நின்றவர். ஆட்களை அனுப்புவதோடு நிற்காமல் 1909இல் தாமே குடும்பத்தோடு நிஜாம் நாட்டின் தோர்ணக்கலுக்குப் போனார். பாஷை வேறு, சாப்பாடு வேறு. தெலுங்கு படித்து, மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் கிராமங்களுக்குப் போனார். அங்கே அவர் போய் நின்றது பெரும்பாலும் மாலா, மாதிகா சேரிகளில்.

1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் வந்திருந்த அந்தச் சபையில் ஆசியாக்காரர்கள் இருபது பேர்கூட இல்லை. 35 வயது அசரியா எழுந்து, வெள்ளைக்கார மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையில் உள்ள உறவைப் பற்றிப் பேசினார். அவர்கள் தியாகத்தை அவர் குறைத்துச் சொல்லவில்லை. வருங்கால இந்தியச் சபை உங்கள் தியாகத்துக்கும் வீரத்துக்கும் நன்றி சொல்லும் என்றே சொன்னார். உங்கள் பொருளை எங்கள் ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற கருத்தில் முடித்தார். வருடக்கணக்காகக் கூடவே வேலை செய்தும் ஒரு மிஷனரியின் வீட்டுப் பந்தியில் உட்காராத இந்திய ஊழியர்களை அவருக்குத் தெரியும். பேச்சு அங்கே பலருக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பேச்சின் கூர்மை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த மிஷனரிகள் சேவை செய்யாதவர்கள் அல்லர். காலராவில் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு மறுநாள் பள்ளிக்கூடம் திறந்தவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் சேவையும் மேலிருந்து வரலாம். கொடுக்கிற கை எப்போதும் மேலேயே இருந்தால் அது ஊழியம் என்ற பெயரில் நடக்கும் எஜமானத்தனம். கால் கழுவிய அதே இரவில், யோவான் 15இல், இனி உங்களை ஊழியக்காரர் என்று சொல்லமாட்டேன், சிநேகிதர் என்கிறேன் என்று இயேசு சொல்கிறார். அன்றிரவு துண்டைக் கட்டியவர் போய்ச் சேர நினைத்த இடம் அது. ஊழியம் சிநேகத்தில் முடியவில்லை என்றால் பாதியில் நின்றுவிட்டது என்று பொருள். வெள்ளாளன்விளைக்காரர் இதை எடின்பரோவில் எழுந்து சொன்னார். அதுவும் தாழ்மையே. பர்திமேயு கத்தியதைப் போன்றது.

1912 டிசம்பர் 29இல் கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய ஆயர். ஓர் இந்தியருக்குக் கீழே ஆங்கிலேயக் குருமார் வேலை செய்வார்களா என்று அப்போது பெரிய விவாதம் நடந்தது. தாழ்மையைப் பற்றி நூற்றாண்டுகளாகப் பிரசங்கித்த சபையின் விவாதம் அது! 1945 ஜனவரி 1இல் அவர் இறந்தபோது அவருடைய திருமண்டலத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். பெரும்பான்மையோர் அந்தச் சேரிகளின் மக்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். சுவரொட்டிகளில் 'ஊழியக்காரர்' என்ற பெயரும் அதற்கு மேல் ஆளுயரப் படமும் இருப்பதைப் பார்க்கிறோம். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, படமே சொல்கிறது. எனக்குக் கவலை அதுவல்ல. பணிவாகப் பேசி, கைகூப்பி நின்று, ஒருவரிடமும் எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் தாமே முடிவு செய்யும் நல்ல மனிதர்கள் நம்மிடம் நிறைய உண்டு. அவர்கள் தாழ்மையுள்ளவர்கள் என்று நாமும் நம்புகிறோம், அவர்களும் நம்புகிறார்கள். தாழ்மையைக் குரலிலும் நடையிலும் தேடாதீர்கள். கீழே இருப்பவர் எதிர்த்துப் பேசும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

குருமார்களிடமும் சேகரச் செயலாளர்களிடமும் பொருளாளர்களிடமும் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பெரிய வியாழனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு நிர்வாகக் கூட்டத்துக்கு உங்கள் கோயிலைப் பெருக்கும் அம்மாவையும், மணியடிக்கும் பணியாளரையும், கல்லறைக் குழி தோண்டுகிறவரையும் கூப்பிடுங்கள். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அவர்களுக்கு என்ன சம்பளம் கொடுக்கிறோம் என்பதை அவர்கள் முன்னிலையில் வாசியுங்கள். உங்களுக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் கோபமாகச் சொன்னாலும் சரி, அழுது சொன்னாலும் சரி, சொல்வதை அப்படியே குறிப்பேட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக எடுத்து முடிவு செய்யுங்கள். கால் கழுவும் ஆராதனையை அதற்குப் பிறகு நடத்துங்கள்.